சீமாட்டியின் நெற்றிமுடி

மூக்குக்கண்ணாடி செய்துகொடுக்கிற மனிதருக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் அவர் மனைவி ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவாள்.

"ஒருத்தர் ஒரு மாசம் பாத்துக்குங்கன்னு குடுத்துட்டுப் போனார். அந்த மாசம் இன்னும் முடியல."

சொன்னதில் பொய் இல்லை. நில அளவையாளர் ஒருவர் வேலை மாற்றலாகிப் போகிற அவசரத்தில், புதுக் கண்ணாடியை வாங்க வந்தபோது கையில் ஒரு கூண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு சேவல், இரண்டு பெட்டை. மூன்றும் பால் வெள்ளை. புது ஊரில் வீடு பார்த்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாலு வருஷமாக வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார் போலும்.

தபால் ஆபீஸில் கவுண்டர் வேலை முடிந்து அன்று மாலை திரும்பிய மனைவி, கூண்டுக்கு முன்னால் பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"இது என்னங்க, கோழியா, பூனையா?"

"சில்க்கின்னு ஒரு ஜாதிக் கோழியாம்."

"இறகையே காணோம். முடிதான் இருக்கு."

கண்ணாடிக்காரர் ஒன்றைத் தூக்கி விரலால் முடியை விலக்கிக் காட்டினார். அடியில் தோல் கறுப்பு. காதுமடல் நீலம். காலில் மற்றக் கோழிக்கு நாலு விரல் என்றால் இதற்கு ஐந்து. கையில் வைத்தால் கத்தாமல், பறக்காமல், வெயிலில் காய்ந்த துணிமூட்டை மாதிரி சூடாக உட்கார்ந்திருந்தது. மனைவி ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம்தான்" என்றாள்.

வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற மச்சான், அதாவது அவள் தம்பி, மறுநாள் வந்து பார்த்தான். "யாரோ தலகாணியைப் பிரிச்சு உசுரு குடுத்திருக்காங்க மாமா" என்றான். ஆனாலும் வேலை செய்த வீடுகளில் கழற்றிப்போட்ட இரண்டு பழைய கதவுகளைக் கொண்டுவந்து, பின்முற்றத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கூடு கட்டித் தந்ததும் அவன்தான். பெட்டைகளுக்கு அவனே பெயரும் வைத்தான். எப்போதும் ஓடுகிறது 'அவசரம்'. எப்போதும் அடையில் உட்கார்ந்திருக்கிறது 'தூங்குமூஞ்சி'. சேவலுக்குப் பெயர் வைத்தது அக்கா.

"மாப்பிள்ளை" என்றாள்.

"ஏன்க்கா? மாமா என்னையும் மாப்பிள்ளைன்னுதானே கூப்பிடுறாரு?"

"நேரம் காலம் இல்லாம வந்து நிக்கிறது, சாப்பிடுறது, சத்தம் போடுறது. வேற என்ன பேரு பொருந்தும்?"

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் பின்முற்றத்தில் "மாப்ள" என்றால் இரண்டு பேர் திரும்பினார்கள்.

ஒரு மாதம் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தவர் எப்போது அதில் விழுந்தார் என்று அவருக்கே தெரியாது. முட்டையை எடுத்துச் சாப்பிடுவதோடு நிறுத்தியிருக்கலாம். குஞ்சு பொரித்துப் பார்ப்போமே என்று ஒரு சின்ன இன்குபேட்டர் வாங்கினார். கடையில் பார்வை சோதிக்கிற இருட்டறையில், முட்டைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தார். உள்ளே சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடுவதைக் கண்டதும், எழுத்து அட்டையை வாசித்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரையும் கூப்பிட்டுக் காட்டினார். பன்னிரண்டு முட்டையில் இரண்டுதான் பொரிந்தது. மிச்சம் கூமுட்டை. இன்குபேட்டர் பரணுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு முட்டையெல்லாம் தூங்குமூஞ்சியின் பொறுப்பு. அதற்கு முட்டைகூட அவசியமில்லை. ஒருமுறை அவர் தவறவிட்ட கண்ணாடிக் கூட்டின் மேல் ஐந்து நாள் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்த கோழி அது.

கண் பவர் எழுதித்தருகிற சீட்டிலேயே தாய் இது, தகப்பன் இது, விரல் எத்தனை, தோல் எவ்வளவு கறுப்பு, தலைமுடி எப்படி என்று எழுதி வைத்தார். அப்பனுக்கே மகளைச் சேர்க்கக்கூடாது, வேறு ரத்தம் வேண்டும் என்று தெரிந்தபோது பேக்கரிக்காரர் அறிமுகமானார். பேக்கரிக்காரர் ஊர்க் கோழி வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். ஒரு பெட்டையைக் கொடுத்து ஒரு பெட்டையை வாங்கிக்கொண்டார். அந்தப் பெட்டைக்கும் மாப்பிள்ளைக்கும் பிறந்த ஏழு குஞ்சுகளில் ஒன்றுதான் சீமாட்டி.

சில்க்கியில் சேவலா பெட்டையா என்பது ஐந்து மாதம் வரை கடவுளுக்கே வெளிச்சம். மச்சான் சேவல் என்று அடித்துச் சொன்னான். அது முட்டையிட்டதும் அவன் இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் பிறந்து எட்டாவது வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. அந்த மாதிரித் தலைமுடி அதுவரை அந்த வீட்டுக் கோழி எதற்கும் வந்ததில்லை. உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக வழிந்து, அலகின் நுனி மட்டும் தெரியும்படி, உருண்டையாக, பவுடர் ஒற்றுகிற பஞ்சு மாதிரி நின்றது. பேக்கரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சார், இது கப் வாங்குற கோழி. வருஷக் காட்சிக்குக் கொண்டு வாங்க."

அந்த வார்த்தை கண்ணாடிக்காரரைவிட அவர் மனைவியைத்தான் பிடித்தது. மூன்று வருஷமாக "உங்க கோழி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அன்று முதல் "நம்ம சீமாட்டி" என்றாள். தபால் ஆபீஸில் எல்லோருக்கும் படத்தைக் காட்டினாள். தினமும் வேலைக்குப் போகுமுன் குழந்தைச் சீப்பால் தலையை வாரிவிட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று தம்பி கேலி செய்தபோது, "இது நிஜமாவே பொன்குஞ்சுதான்டா" என்றாள்.

கண்ணாடிக்காரர் மட்டும் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகக் கண்ணையே பார்த்துப் பழகியவர். சீமாட்டி சத்தம் வந்த பக்கம்தான் திரும்பியது, ஆள் வந்த பக்கம் அல்ல. மேலிருந்து கை வந்தால் கடைசி நொடியில் துள்ளி விழுந்தது. தானியத்தைக் கொத்தினால் அலகு பாதி நேரம் தானியத்துக்குப் பக்கத்துத் தரையில் விழுந்தது. மற்றவை சாப்பிட்டு முடிக்கும்போது அது தீனித்தட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அழகு இருந்து அழும், அதிர்ஷ்டம் இருந்து உண்ணும் என்கிற மாதிரி, குச்சி மாதிரி இருந்த அவசரம் அதன் பங்கையும் சேர்த்துத் தின்றது.

ஒருநாள் ஒரு சின்ன ரப்பர் பேண்டால் முடியைத் தூக்கிக் கட்டிவிட்டார். பேக்கரிக்காரர் பதறிப்போனார். "ரப்பர் போட்டா முடி ஒடிஞ்சிரும் சார். காட்சிக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு!" மனைவி அன்றைக்கே அவிழ்த்துவிட்டாள்.

"அதுக்குக் கண்ணு தெரியல" என்றார் கண்ணாடிக்காரர்.

"தெரியாமயா இத்தனை நாள் இருந்துச்சு?"

"எனக்கு ஏழு வயசு வரைக்கும் மரம்னா பச்சையா ஒரு மேகம்னு நெனச்சிட்டிருந்தேன். கண்ணாடி போட்டப்புறம்தான் இலை இலையா இருக்கும்னு தெரிஞ்சுது. தெரியாதவனுக்குத் தெரியலங்கறதே தெரியாது."

"அது நீங்க. இது கோழி. காட்சி முடியட்டும், நீங்களே வெட்டிவிடுங்க. கொஞ்ச நாள்தானே?"

அவர் ரப்பர் பேண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கும் கப் ஆசை கொஞ்சம் இருந்தது என்பதுதான் உள்விஷயம்.

காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு காலையில் சீமாட்டி கூட்டிலிருந்து இறங்குகிற பலகையின் நடுவில் பக்கவாட்டில் காலை வைத்தது. அங்கே பலகை இல்லை. கீழே குழாயடிச் செங்கல்லின் விளிம்பில் தலை அடித்தது. ரத்தம் இல்லை, எழுந்துகூட நின்றது. ஆனால் மதியத்துக்குள் கழுத்து முறுக்க ஆரம்பித்து, அலகு வானத்தைப் பார்த்தது. ஒரு அடி முன்னால் வைக்க முயன்று மூன்று அடி பின்னால் போய் விழுந்தது.

கால்நடை மருத்துவர் ஒரு இளம்பெண். தலையை இரண்டு விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"இந்த ஜாதிக்கு மண்டையோட்டு உச்சி மேடா இருக்கும், உறுதியா இருக்காது. சின்ன அடிகூட மூளையில போய் படும். வீக்கத்துக்கு மருந்து தரேன். வைட்டமின் எண்ணெய் கேப்ஸ்யூலை ஊசியால குத்தி, தினமும் ரெண்டு சொட்டு வாயில விடுங்க. தானா சாப்பிடாது. நீங்கதான் ஊட்டணும்."

"பொழைச்சிருமா?" என்று மனைவி கேட்டாள்.

"சிலது மூணு வாரத்துல எழுந்து ஓடும். சிலது எழுந்திருக்காது. வாக்குக் குடுக்க முடியாது மேடம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதல் இரண்டு சொட்டையும் அதன் அலகில் விட்டாள். கணவர் "நான்தான் சொன்னேனே" என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். அவர் சொல்லவில்லை.

பகலில் யார் பார்த்துக்கொள்வது என்பது பெரிய கேள்வியாயிற்று. கடையில் கண்ணாடி தேய்க்கிற தூசு. அதனால் மனைவி அதைப் பழக்கூடையில் துண்டு விரித்து வைத்து, தபால் ஆபீஸுக்கே கொண்டுபோனாள். கவுண்டருக்கு அடியில், காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டுக்குழாயால் கரைத்த தீவனம் ஊட்டினாள். கண்ணை மூடியே கிடந்த கோழி சில நாள் விழுங்கியது, சில நாள் கக்கியது. தலைமை அதிகாரியம்மா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"கூடையில என்ன?"

"கோழிங்க மேடம். உடம்பு சரியில்ல."

அதிகாரியம்மா குனிந்து, தலைகீழாகத் திரும்பியிருந்த அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எடை குறையுதா?" என்று கேட்டார். அவரே கூடையிலிருந்து தூக்கிப் பார்சல் தராசில் வைத்தார். எழுநூற்று அறுபது கிராம். மறுநாளிலிருந்து காலையில் கதவு திறந்ததும் முதல் வேலை அதுவாகிவிட்டது. எழுநூற்று நாற்பது. எழுநூற்று நாற்பது. எழுநூற்று முப்பத்தைந்து. பத்தாவது நாள் எழுநூற்று ஐம்பது என்று தராசு காட்டியபோது, தபால் பிரிக்கிறவர்கள் பின்னறையில் கைதட்டியது வரிசையில் நின்றவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் கழுத்து நேரானது. இருபத்துநாலாவது நாள் சீமாட்டி கூடையிலிருந்து தானே இறங்கி நடந்து போய், சுவரில் முட்டி நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். காட்சிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"கொண்டு வாங்க, கொண்டு வாங்க" என்றார் பேக்கரிக்காரர் போனில். "முந்தின நாள் குளிப்பாட்டி, ஹேர் டிரையர் போட்டு நல்லா காயவைங்க. இதுங்க முடியில தண்ணி இறங்கினா வடியாது."

சனிக்கிழமை மதியம். சமையலறை மேஜையில் துண்டு. குழந்தை ஷாம்பு போட்டுக் குளித்து, நனைந்த எலி மாதிரி பாதியாகிப்போன சீமாட்டியைக் கண்ணாடிக்காரர் பிடித்துக்கொண்டார். மனைவி டிரையரை மெதுவான சூட்டில் வைத்து வாலிலிருந்து ஆரம்பித்தாள். முதுகு பூத்தது. மார்பு பூத்தது. கடைசியில் முன்னால் வந்து தலைக்குக் காற்றைப் பிடித்தாள்.

நெற்றிமுடி இரண்டாகப் பிரிந்து பின்னால் போயிற்று. இரண்டு மிளகு மாதிரிக் கண்கள். சீமாட்டி அவளைப் பார்த்தது. பார்த்து, கழுத்தை நீட்டி, அவள் கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் குறி தவறாமல் ஒரு கொத்து கொத்தியது.

"அட!" என்று சிரித்துக்கொண்டே டிரையரை நிறுத்தினாள். முடி திரைச்சீலை மாதிரி விழுந்தது. கோழி அப்படியே நின்றுவிட்டது, ஸ்விட்சை அணைத்த மாதிரி.

மறுபடி போட்டாள். கண் வந்தது. அவள் ஆட்டிய விரலை இடமும் வலமும் தொடர்ந்தது. சட்டைப் பொத்தானைக் கொத்தியது. அணைத்தாள். நின்றது. போட்டாள். அணைத்தாள். நாலாவது தடவைக்கு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கண்ணாடிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் முன்பே சொல்லியாகிவிட்டது.

"ஏங்க."

"ம்."

"இது பொறந்ததுலேருந்து இப்படியேவா இருந்துச்சு?"

அவர் கோழியின் நெற்றிமுடியை விரலால் ஒதுக்கிவிட்டார்.

"அந்தச் சின்னக் கத்திரிக்கோலை எடுத்துட்டு வாங்க."

இப்போது தயங்கியது அவர். "நாளைக்கு ஒரு நாள்தானே. உன் ஆபீஸ்காரங்க எல்லாம் பாக்க வராங்க. போயிட்டு வந்து வெட்டிக்கலாமே."

"கொஞ்ச நாள்தானேன்னு நான் சொன்னப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அவர் எழுந்து போய் எடுத்துவந்தார். முனை மழுங்கிய, கண்ணாடியின் மூக்குப் பட்டைக்கு ரப்பர் நறுக்குகிற கத்திரி. மனைவி அலகை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள, கண்ணைச் சுற்றி வட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினார். மேஜைமேல் ஒரு பிடிப் பஞ்சு சேர்ந்தது. நாலு வருஷம், இரண்டு தலைமுறை, ஒரு கட்டுச் சீட்டு. எல்லாம் ஒரு பிடி.

சீமாட்டி எழுந்து நின்றது. விளக்கைப் பார்த்தது. சொட்டுகிற குழாயைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு மேஜையின் நீளத்துக்கும் நடந்தது. இருவரும் கையை நீட்டித் தயாராக நின்றார்கள். விளிம்புக்கு வந்ததும் அது நின்றது. குனிந்து தரையைப் பார்த்தது. திரும்பி வந்துவிட்டது.

மனைவி ஈரத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாலை, மறுநாளுக்கு வேன் ஏற்பாடு செய்துவிட்டு மச்சான் வந்தான். மேஜையடியில் எதையோ துரத்திக்கொண்டிருந்த கோழியைப் பார்த்தான்.

"இது யாருக்கா? சீமாட்டி எங்க?"

"இதுதான்."

"பட்டாளத்துல சேந்துட்டாளா?"

விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தான். "வேன் சொல்லியாச்சு, கூண்டுக்கு இடமும் பதிஞ்சாச்சு. மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போவோம்."

"அஞ்சு வயசுக் கிழவனையா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"போட்டியில ஆள் குறைவா இருந்தா கிழவனுக்கும் யோகம் அடிக்கும் மாமா."

மாப்பிள்ளையை அவனே குளிப்பாட்டினான். இரண்டு மாப்பிள்ளைகளும் நனைந்தார்கள்.

காட்சி ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில். மாப்பிள்ளைக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. வயதான வெள்ளைச் சேவல் பிரிவில் போட்டியிட்டவையே மூன்றுதான் என்பதை மச்சான் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. பச்சை ரிப்பனைக் கூண்டில் கட்டிக்கொண்டு, தனக்கே கிடைத்த மாதிரிப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டான். தபால் ஆபீஸ்காரர்கள் ஆறு பேரும், தலைமை அதிகாரியம்மாவும் வந்திருந்தார்கள். சீமாட்டி ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் மனைவி சலிக்காமல் டிரையர் கதையைச் சொன்னாள்.

பேக்கரிக்காரருக்குத்தான் மனது ஆறவில்லை. "நாலு வருஷ உழைப்பை ஒரு கத்திரியில முடிச்சிட்டீங்களே சார்."

கண்ணாடிக்காரர், முதல் பரிசு வாங்கிய பெட்டையின் கூண்டுக்கு முன்னால் போய், அதன் முகத்துக்கு நேரே விரலைக் கொண்டுபோனார். அது அசையவில்லை. அடுத்த கூண்டு. அதுவும் அசையவில்லை. பேக்கரிக்காரர் கூடவே வந்து பார்த்தார். பிறகு தன்னுடைய பெட்டையின் கூண்டில் தானே விரலை ஆட்டினார். இரண்டு தடவை ஆட்டினார். கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்து, கண்ணாடிச் சட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மழுங்கின கத்திரி எங்க கிடைக்கும் சார்? காட்சிக்குப் போகாத பெட்டைங்களுக்கு மட்டும்தான்."

"என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. எடுத்துட்டுப் போங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

சீமாட்டி தின்ன ஆரம்பித்தது. தட்டில் முதல் ஆளாக வந்து நின்று, அவசரத்தையே ஒரு கொத்தில் விரட்டியது. ஒரு கிலோவைத் தொட்டது. மூன்று மாதத்தில் முட்டைகளின் மேல் உட்கார்ந்து, கிட்டே போனால் முடியைச் சிலிர்த்துக்கொண்டு கரகரவென்று திட்டியது. இம்முறை கண்ணாடிக்காரர் சீட்டில் 'தலைமுடி' என்ற இடத்தில் 'சிறியது' என்று எழுதினார். பின்னால் இன்னொரு வரி சேர்த்தார்: 'விரலைத் தொடர்கிறதா?' அந்தக் கேள்வியில் தேறிய ஒரு இளஞ்சேவலைத்தான் அதற்குத் துணை சேர்த்திருந்தார். எட்டு முட்டை.

இருபதாவது நாள் வாடிக்கையாளர்களுக்கு நடுவே நாலு தடவை எழுந்துபோய்ப் பார்த்தார். நாலாவது தடவை சீமாட்டியின் மார்புக்கு அடியிலிருந்து ஒரு கறுத்த அலகு எட்டிப் பார்த்தது. அதன் தலையில் ஒட்டியிருந்த ஓட்டுத்துண்டைத் தாய் குனிந்து, பார்த்து, மெதுவாக எடுத்துப் போட்டது. அதன் அடியில் கைவிட்டுக் குஞ்சுகளை எண்ணிவிட்டு அவர் உடனே போனை எடுத்தார்.

தபால் ஆபீஸில் அது நெரிசலான நேரம். மனைவி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?" என்றாள். "சரியா கேக்கல, எத்தனை?... ஆறா? ஆறா!"

வரிசையில் முதலாவதாக நின்றவர் கையிலிருந்த பார்சலை எடுத்துக்கொண்டு, இருந்த இரண்டு கவுண்டர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறாம் நம்பர் எங்கம்மா இருக்கு?"

"எங்க வீட்டுல" என்றாள் அவள், பார்சலை வாங்கித் தராசில் வைத்தபடி.